வெறுங்காற் சப்பாத்து யாருக்குப் பொருந்தும்?

காலில் ஒன்றும் இல்லாவிட்டால் அது வெறுங்கால். சப்பாத்து போட்டுவிட்டால் அது வெறுங்கால் அல்ல. ஆனாலும் “வெறுங்காற் சப்பாத்து” என்ற பெயரில் ஒரு பொருள் சுமார் இருபது ஆண்டுகளாக உலகில் விற்பனையாகி வருகிறது. சப்பாத்தின் பாதுகாப்பும் வேண்டும், வெறுங்காலின் சுதந்திரமும் வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்த பொருள் இது. மெல்பேர்னில் வசிக்கும் என் பெரியம்மாவின் மகள் கடந்த விடுமுறைக்கு வந்தபோது எனக்கும் ஒரு சோடி கொண்டுவந்தார். அன்றிலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அதைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்காகத் தேடி வாசித்ததையும், அணிந்து பார்த்ததையும், எல்லாவற்றையும்விட முக்கியமாக உம்மாவின் காலைப் பற்றித் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் பொருள் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். சாதாரணச் சப்பாத்து முன்பக்கம் கூர்ந்து ஒடுங்கும். இது மனிதப் பாதம் இருக்கும் வடிவத்திலேயே விரல் பக்கம் அகன்றிருக்கும். சாதாரண ஓட்டச் சப்பாத்தில் குதிப்பகுதி முன்பகுதியைவிடப் பத்து மில்லிமீற்றர் அளவு உயர்ந்திருக்கும். இதில் குதியும் விரலும் ஒரே மட்டம். அடித்தட்டு பெரும்பாலும் மூன்று முதல் எட்டு மில்லிமீற்றர் தடிப்புத்தான். சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துவிடலாம். அகலம், மட்டம், மெல்லிய அடி என்ற இந்த மூன்றும் ஒன்றாகவே விற்கப்படுவதால் எல்லாவற்றையும் சேர்த்தே நல்லது என்கிறார்கள், அல்லது சேர்த்தே கெட்டது என்கிறார்கள். நான் வாசித்தவரை இவை மூன்றும் வேறு வேறு கதைகள்.

உம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “இதுவும் பாட்டாவும் ஒண்டுதானே மகள், இதுக்கா இவ்வளவு காசு?” என்பது. அதில் நியாயம் இருக்கிறது. நாம் பாட்டா என்று சொல்லும் றப்பர் செருப்பும் தட்டையானதுதான், மெல்லியதுதான், விரல்களை நெருக்காததுதான். வெளிநாட்டில் இந்தச் சப்பாத்து ஒரு சோடி நூறு டொலரையும் தாண்டுகிறது. ஆனால் பாட்டாவுக்குக் குதியில் பிடிமானம் கிடையாது. அது கழன்று போகாமலிருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்களைச் சுருக்கிப் பிடிக்கிறோம். ஈரத்தில் வழுக்கும், ஓட முடியாது. வேறுபாடு அவ்வளவே. இன்னொன்றையும் இங்கே சொல்லலாம். குளிர் நாடுகளில் வீட்டுக்குள்ளும் காலை மூடியே வைத்திருப்போர் அதிகம். நாமோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதி நாளை வெறுங்காலில் கழிப்பவர்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கும் பயிற்சியில் ஒரு பங்கு நமக்கு வீட்டுத் தரையிலேயே கிடைக்கிறது.

அப்படியானால் நம் கால்கள் ஏன் கெடுகின்றன? கெடுவது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை மூடிய சப்பாத்துக்குள்.

இதைப் பற்றி நமக்கு அயலிலேயே செய்யப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. கர்நாடகத்தின் மணிப்பாலிலுள்ள கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய இருவரும் 2300 சிறுவர்களின் காலடித் தடங்களை எடுத்து ஆராய்ந்து 1992 இல் வெளியிட்டார்கள். பாதத்தின் உட்பக்கம் வில்லைப்போல் வளைந்து நிற்காமல் தரையோடு படிந்துவிடுவதைத் தட்டைப் பாதம் என்பார்கள். காலணி அணியும் பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாத பிள்ளைகளில் 2.8 சதவீதத்தினருக்கும் அது இருந்தது. விரல் பகுதி மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடமே மிக அதிகம். செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்து, 1995 இல், வளர்ந்த 1846 பேரைப் பார்த்தபோது, ஆறு வயதுக்கு முன்பே சப்பாத்து போடத் தொடங்கியவர்களில் 3.24 சதவீதத்தினருக்கும், பதினாறு வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் 1.75 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பதற வேண்டாம். தட்டைப் பாதம் உள்ள பலர் ஒரு வலியும் இல்லாமல் ஆயுள் முழுவதும் நடக்கிறார்கள். அந்த ஆய்விலேயே உடற்பருமனும் மூட்டுத் தளர்ச்சியும் கூடக் காரணங்களாகக் காணப்பட்டன. ஆனால் ஒரு செய்தி தெளிவு: வளரும் பாதம் தான் இருக்கும் கூட்டின் வடிவத்தை ஏற்றுக்கொள்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. இரண்டிலுமாக 52, உடலின் மொத்த எலும்புகளில் நான்கில் ஒன்று. பிறக்கும்போது அவற்றில் பல குருத்தெலும்புகளாகவே இருக்கின்றன. அவை முழுமையாக இறுகும் ஆண்டுகளும் நாம் பாடசாலைச் சப்பாத்து அணியும் ஆண்டுகளும் ஒன்றே.

இதை நம்பாத தோழிகளுக்காக ஓர் இடைவேளையில் வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். வெள்ளைத்தாளை நிலத்தில் வைத்து, காலுறையைக் கழற்றி, முழுப் பாரத்தையும் ஊன்றி நின்று, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். பிறகு அந்தப் படத்தின் மேல் சப்பாத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களின் படம் சப்பாத்துக்கு வெளியே, சுண்டுவிரல் பக்கம் நன்றாகவே வழிந்தது. எங்களில் இருவருக்கு இப்போதே கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அடிமூட்டில் எலும்பு புடைக்கத் தொடங்கியிருக்கிறது. இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பரம்பரையும் ஒரு காரணம், ஒடுங்கிய முன்பக்கமும் ஒரு காரணம். “வளருகிற பிள்ளை” என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, நுனியில் பஞ்சு அடைத்துவிடும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அதில் நீளம் கூடுகிறதே தவிர, தேவையான இடத்தில் அகலம் போதுமான அளவு கூடுவதில்லை. கால் முன்னால் வழுக்கிப் போய் விரல்கள் அந்த ஒடுங்கிய மூலைக்குள்ளேயே இறுகுகின்றன.

ஆகவே அகலம் என்ற முதற் குணத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அது எல்லாருக்கும் நல்லது.

அடுத்தது பலம். தடித்த, விறைப்பான அடித்தட்டு பாதத்தின் சிறு தசைகள் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்துவிடுகிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட கை மெலிந்துபோவதைப் பார்த்திருப்போம். இதுவும் அது போலத்தான். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாதம் அன்றாட நடமாட்டத்துக்கு மெல்லிய அடிச் சப்பாத்து அணிந்தவர்களின் பாதப் பலம் சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது. நடந்ததற்கு மட்டும் கிடைத்த பலன் அது.

ஓட்டம் என்று வரும்போது கதை சிக்கலாகிறது. 1960 இல் ரோம் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தை எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலில் ஓடி உலக சாதனையுடன் வென்றார். வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அதே பிக்கிலா 1964 இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி, மூன்று நிமிடம் குறைவான நேரத்தில், மறுபடியும் உலக சாதனையுடன் வென்றதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இந்திய உதைபந்தாட்ட அணியும் இப்படித்தான். 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலானோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் ஒரே ஒரு கோலால் தோற்றார்கள், பார்த்தவர்கள் வியந்தார்கள். 1952 இல் ஹெல்சிங்கியின் குளிரிலும் ஈரத்திலும் யூகோஸ்லாவியாவிடம் 10 – 1 என்று தோற்றார்கள். தரையும் காலநிலையும் மாறினால் காலின் கணக்கும் மாறுகிறது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டானியல் லீபர்மன் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சப்பாத்துகளின் விற்பனைக்குப் பெரிய உந்துதல் கொடுத்தது. சிறுவயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் குதியை முதலில் மோதாமல் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் தரை திருப்பித் தரும் அதிர்ச்சி குறைகிறது என்று அவர் காட்டினார். ஆனால் 2013 இல் வட கென்யாவில் டாசனாச் என்ற வெறுங்கால் மக்களைப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், நெடுந்தூர வேகத்தில் அவர்களுள் பெரும்பாலானோர் குதியிலேயே இறங்குவதைக் கண்டார்கள். வெறுங்காலுக்கென்று ஒரே ஓட்டமுறை உண்டு என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

அதே 2013 இல் அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வுதான் எனக்குப் பயம் தந்தது. வழக்கமான சப்பாத்தில் ஓடிப் பழகியவர்களில் ஒரு பகுதியினரைப் பத்து வாரத்தில் மெல்லிய அடிச் சப்பாத்துக்கு மாற்றினார்கள். முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மாறியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பாத எலும்புகளுக்குள் வீக்கம் காணப்பட்டது. அது எலும்பு தன் சக்திக்கு மேல் பாரம் தாங்குவதன் அடையாளம். தொடர்ந்தால் மயிரிழை முறிவில் முடியலாம். விரல் விரலாகப் பிரிந்த சப்பாத்தை விற்ற விப்ரம் நிறுவனத்தின் மீது, ஆதாரமில்லாமல் உடல்நலப் பலன்களைச் சொல்லி விற்றதாக அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2014 இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் ஒதுக்கி நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

தசைக்குப் பலம் ஏற வாரங்கள் போதும். எலும்பும் நரம்பு நாணும் மாறுவதற்கு மாதங்கள் வேண்டும். தசை “நான் தயார்” என்று சொல்லும்போது எலும்பு இன்னும் தயாராகவில்லை. நடப்பவர்களைவிட ஓடுபவர்களுக்கு இது அதிகம் பொருந்தும்.

இனி உம்மாவின் விடயம். கேலி செய்த உம்மாவே ஒரு வாரம் கழித்து, தனக்கும் ஒரு சோடி வேண்டும் என்றார். அவருக்குக் காலையில் எழுந்ததும் குதிக்கால் வலி. அகலமான, பாரமற்ற சப்பாத்து அவருக்கு இதமாக இருந்தது. எங்கள் இருவரின் அளவும் ஒன்று. ஆனால் உம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். எங்கள் வீட்டில் மட்டுமா? 2019 இல் வெளியான கொழும்பு நகர ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவு காணப்பட்டது. இதை வாசிக்கும் எத்தனையோ மாணவிகளின் வீட்டில் இதே பாதங்கள் இருக்கும்.

நீரிழிவு நீண்டகாலம் நின்றால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கின்றன. வலி அதிகமாவதால் அல்ல, வலி இல்லாமற் போவதால் வரும் ஆபத்து இது. இதை உலகுக்குத் தெளிவாக விளக்கியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் வேலை செய்த வைத்தியர். கொல்லிமலையில் 1914 இல் பிறந்த போல் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகால்களுக்குச் சிகிச்சை செய்தவர். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. உணர்ச்சி அற்ற காலில் ஆணி ஏறியும் தெரியாமல் நடப்பதாலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதாலுமே புண் வருகிறது என்பதை அவர் காட்டினார். அந்தப் பாதங்களுக்காக மென்மையான நுண்துளை றப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவு நோயாளருக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பது அதே றப்பரைத்தான்.

வெறுங்காற் சப்பாத்தின் முழுத் தத்துவமும் பாதம் தரையை உணர்கிறது என்பதில் நிற்கிறது. கல் குத்தினால் காலைத் தூக்குவோம், தார் சுட்டால் நிழலுக்கு ஓடுவோம், அடி பலமாக விழுந்தால் அடுத்த அடியை மெதுவாக வைப்போம். அந்தச் செய்தி மூளைக்குப் போகாத காலுக்கு மெல்லிய அடித்தட்டு எந்த உதவியும் செய்யாது. காலி வீதி நடைபாதையில் பெயர்ந்து நிற்கும் கல்லையும், கொட்டாஞ்சேனையில் உம்மும்மா வீட்டு ஒழுங்கையில் மழை வெள்ளத்தின் கீழே கிடக்கும் போத்தல் துண்டையும், நண்பகல் தாரின் சூட்டையும் நினைத்துப் பாருங்கள். ஹஜ், உம்றாப் பயணங்களில் சுடும் தரையில் நடந்து, சூடு தெரியாமலே உள்ளங்கால் வெந்துபோன நீரிழிவு நோயாளரைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டிருக்கிறது.

உம்மாவை அவருடைய வழக்கமான கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காலைச் சோதிக்கச் சொல்லிக் கேட்டேன். மிக எளிய சோதனை. கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலோன் இழையை அது வளையும் வரை பாதத்தின் பல இடங்களில் தொடுவார்கள். பத்துக் கிராம் அழுத்தம். தொட்டதும் “ஓம்” என்று சொல்ல வேண்டும். வலது பாதத்தில் இரண்டு இடங்களில் இழை வளைந்து நின்றது. உம்மா பேசாமல் இருந்தார். “தொட்டாச்சா?” என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வைத்தியர் சொன்னவை: வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும், குதியில் பட்டியுள்ள, விரல் பக்கம் அகன்ற, அடி மெத்தென்ற செருப்பு, சப்பாத்து போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். உம்மா இதில் ஒன்றைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். வுழூச் செய்யும்போது விரல்களுக்கிடையே கோதிக் கழுவுகிறோமே, அப்போதே ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்த்துவிடுகிறார். பிறகு சிறிய துவாயால் ஈரத்தை ஒற்றி எடுக்கிறார். ஈரத்தோடு காலுறை போட்டால் விரலிடுக்கில் பூஞ்சணம் வரும், அந்த வெடிப்பே புண்ணுக்கு வாசலாகும்.

என் சோடியை நான் அணிகிறேன். ஆரோக்கியமான காலுள்ளவர்கள் மாற விரும்பினால் அவசரமில்லாமல் மாறலாம். முதல் இரண்டு வாரம் மாலையில் மரைன் டிரைவில் இருபது நிமிட நடை மட்டும்; பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டினேன். குதி தாழ்ந்திருப்பதால் கெண்டைக்கால் தசை இழுபடும், அந்த நோவு இரண்டு நாளில் போய்விடும். பாதத்தின் மேற்பக்கத்தில் ஒரே புள்ளியில், விரலால் அமர்த்தினால் சுள்ளென்று வலித்தால் அது வேறு. அப்போது நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதியை உயர்த்தி இறக்குவதும், நிலத்தில் விரித்த துவாயை விரல்களால் சுருட்டுவதும் நல்ல பயிற்சிகள். நீண்டகாலம் உயர்குதிச் செருப்பு அணிந்த ராத்தாமாருக்கும் மாமிமாருக்கும் குதிநாண் குறுகியிருக்கும். அவர்கள் முதலில் தாழ்ந்த குதிக்கு வந்து, பிறகு தட்டைக்கு வருவது நல்லது. நான் இதில் ஓடுவதில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு என் பழைய சப்பாத்துத்தான். மழை நாட்களிலும் வேண்டாம். மெல்லிய துணிக்குள் வீதி வெள்ளம் நேராக ஏறும், இந்த நாட்டில் எலிக்காய்ச்சல் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று.

பாடசாலைச் சப்பாத்துக்கு இந்த வெளிநாட்டுப் பொருள் தேவையில்லை. இவ்வருடம் தங்கைக்குச் சப்பாத்து வாங்கப் புறக்கோட்டைக்குப் போனபோது, அவளுடைய பாதத்தை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் தாளில் வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். சிறுமியர் பகுதியிலிருந்து அவர் எடுத்துத் தந்த நான்கு சோடிகளுக்குள்ளும் தாள் மடியாமல் போகவில்லை. கடைசியில் ஆண்பிள்ளைகளின் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தொன்றை எடுத்துத் தந்தார். தாள் தட்டையாக உள்ளே படிந்தது, நீளத்தில் பெருவிரல் அகலம் மிச்சமும் இருந்தது. விலையும் ஒன்றுதான். தங்கைக்கு ஒரே ஒரு கவலை, அது ஆண்பிள்ளைச் சப்பாத்து என்று யாருக்கும் தெரிந்துவிடுமோ என்பது. முதல் தவணை முடியப் போகிறது, இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.